ஆறு கிராம் நார்

"நார்ச்சத்து நிறையச் சாப்பிடுங்க. தண்ணி நிறையக் குடிங்க. காரத்தைக் குறைங்க."

ஆசனவாய் வெடிப்போடு மருத்துவரிடம் போனவர்கள் இந்த மூன்று வாக்கியங்களைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். களிம்பின் பெயரை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொல்லப்படுபவை. கேட்பவரும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார். அந்த இடத்தைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்கக் கூச்சம். வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் வேறு. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, சிகிச்சை தொடங்கிவிட்டது என்று நம்பிக்கொள்வார். நானும் அப்படிச் சீப்பு வாங்கியவன்தான்.

மூன்று வாக்கியங்களும் தவறல்ல. ஆனால் "நிறைய" என்பது ஓர் அளவு அல்லவே. ரத்த அழுத்த மாத்திரையை "நிறையப் போடுங்க" என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. நார்ச்சத்துக்கு மட்டும் அந்தச் சலுகை. எவ்வளவு, எந்த வகை, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆய்வுகளில் ஓரளவு விடை உண்டு. அந்த விடைகள் எவ்வளவு தாங்கும் என்று தட்டிப் பார்ப்பதே இங்கே என் வேலை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் "மூலம், பௌத்திரம்" என்று ஒட்டப்பட்டிருக்கும் தாள்களில் வெடிப்புக்குத் தனி இடம் கிடைப்பது அரிது. பின்பக்கம் எது வலித்தாலும், எது கசிந்தாலும் அது மூலம் என்றே நம் பேச்சில் ஆகிவிட்டது. மூலம் என்பது ரத்தக் குழாய்த் திரட்சிகள் வீங்கி இறங்குவது. ரத்தம் வரும், வலி பெரும்பாலும் குறைவு. பௌத்திரம் என்பது சீழ் வழிந்தோடும் துளைப்பாதை. வெடிப்பு என்பது ஆசனவாயின் விளிம்புத் தோலில் ஏற்படும் கிழிசல். வெளிக்குப் போகும்போது கண்ணாடிச் சில்லு அறுப்பதுபோல் ஒரு வலி, அதன்பின் ஒரு மணி நேரமோ நான்கு மணி நேரமோ நீளும் எரிச்சல், தாளில் ஒரு சிவப்புக் கோடு. கருணைக்கிழங்கும் துத்தி இலையும் மூலத்துக்கு என்று பெயர் பெற்றவை. வெடிப்புக்காரரும் அவற்றைத் தின்றுவிட்டுப் பலன் இல்லையே என்கிறார். அவருக்கு நோயின் பெயரே தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்தக் கிழிசல் ஏன் எளிதில் ஆறுவதில்லை என்பதில்தான் உணவுக் கேள்வியின் வேர் இருக்கிறது. விரலில் இதே அளவு வெட்டுப்பட்டால் நான்கு நாளில் மூடிவிடும். ஆசனவாயில் உள்சுருக்குத்தசை என்று ஒன்று உண்டு. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. இரவும் பகலும் தானே இறுகி நிற்பது. வலி வந்தால் இன்னும் இறுகும். இறுகினால் அதன் ஊடாகத் தோலுக்குப் போகும் ரத்தம் குறையும். அந்த வளையத்தின் பின்புற நடுக்கோட்டில் ரத்த ஓட்டம் இயல்பிலேயே குறைவு என்று 1989இல் உடற்கூற்று ஆய்வொன்று காட்டியது. வெடிப்புகளில் மிகப் பெரும்பான்மை சரியாக அந்தக் கோட்டிலேயே விழுகின்றன. ரத்தம் வராத இடத்தில் புண் ஆறாது. புண் ஆறாததால் வலி, வலியால் மறுபடி இறுக்கம். இத்தோடு மனிதப் புத்தியும் சேர்ந்துகொள்கிறது. நாளைக் காலை அந்த வலி வருமே என்று பயந்து, உந்துதல் வந்தும் அடக்குவோம். அடக்கிய மலத்திலிருந்து குடல் இன்னும் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூன்றாம் நாள் வருவது கல்.

இந்தச் சுழலில் உணவால் தொடக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: மலத்தின் பதம். தசையின் இறுக்கத்தையோ ரத்த ஓட்டத்தையோ எந்தக் கீரையும் நேராகத் தொடாது. இந்த எல்லையை மறந்துவிட்டு நார்ச்சத்தைப் புகழ்பவர்களும் இகழ்பவர்களும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

ஆய்வுகளுக்கு வருவோம். வெடிப்பையும் நாரையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனைகள் வியப்பூட்டும் அளவுக்குச் சில. இன்றும் மேற்கோள் காட்டப்படுபவை டென்மார்க்கின் அறுவை மருத்துவர் எஸ்.எல். ஜென்சன் 1980களில் செய்தவை. 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது முதலாவது. முதன்முறையாக வெடிப்பு கண்ட 103 பேரை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் களிம்பு, இன்னொன்றுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, மூன்றாவதுக்கு இளஞ்சூட்டு நீரில் உட்காருவதும் கோதுமைத் தவிடும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் 60 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியிருந்தது, இரண்டாவதில் 82.4, மூன்றாவதில் 87. வலியும் முதலிரு வாரங்களில் தவிட்டுப் பிரிவில்தான் விரைவாகக் குறைந்தது.

நார்ச்சத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாடிவிடலாம். பலர் கொண்டாடியும் விட்டார்கள். ஆனால் தவிடும் வெந்நீரும் ஒரே பிரிவில் ஒன்றாகக் கொடுக்கப்பட்டன. 87இல் தவிட்டின் பங்கு எவ்வளவு, தண்ணீர்த் தொட்டியின் பங்கு எவ்வளவு என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்றும் கண்ணில் படுகிறது. எந்த நாரும் தரப்படாத முதல் பிரிவிலேயே பத்தில் ஆறு பேருக்கு ஆறியிருக்கிறது. புதிய வெடிப்பு பெரும்பாலும் தானாகவே ஆறக்கூடியது. அந்த ஆறுதலைக் கடைசியாகச் சாப்பிட்ட பொருளின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். "அத்திப்பழம் தின்னேன், பத்தே நாளில் சரியாச்சு" என்பவர் பொய் சொல்லவில்லை. அத்திப்பழம் தின்னாமல் இருந்திருந்தாலும் அவருக்குச் சரியாகியிருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல், அவ்வளவுதான்.

எனக்கு அதிக மதிப்புள்ளதாகப் படுவது ஜென்சனின் இரண்டாவது சோதனை, 1987இல் வந்தது. புண் ஆறிய 75 பேரை எடுத்துக்கொண்டு, அது திரும்பி வராமல் தடுக்க முடியுமா என்று ஓராண்டு பார்த்தார். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 15 கிராம் தவிடு, இன்னொன்றுக்கு அதில் பாதியாக 7.5 கிராம், மூன்றாவதுக்குத் தவிடுபோல் தோன்றும் வெறும் பொருள். ஓராண்டில் வெடிப்பு மீண்டவர்கள்: முழு அளவு தின்றவர்களில் 16 விழுக்காடு, பாதி அளவில் 60, வெறும் பொருளில் 68.

நடுவில் இருக்கும் எண்ணில் கொஞ்சம் நிற்கலாம். பாதி அளவு தின்றால் பாதிப் பலனாவது கிடைக்கும் என்று தோன்றும். இங்கே பாதி அளவுக்கும் ஒன்றுமே தின்னாததற்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. ஏதோ ஒரு வாசற்படி இருக்கிறது. அதைத் தாண்டினால் பலன், தாண்டாவிட்டால் வெறும் திருப்தி. "நான் நார்ச்சத்தெல்லாம் சாப்பிட்டுத்தான் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் பலரை நான் இந்த 60 விழுக்காட்டுப் பிரிவில்தான் வைக்கிறேன்.

சோதனையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 75 பேரை மூன்றாகப் பிரித்தால் பிரிவுக்கு 25. 16 விழுக்காடு என்பது நான்கு பேர். இவ்வளவு சிறிய கூட்டத்தில் எண்கள் எளிதில் அங்குமிங்கும் சாயும். தான் தின்பது தவிடா இல்லையா என்று வாயில் போட்டவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்குமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. ஆனால் நான்கு பேருக்கும் பதினேழு பேருக்கும் இடையிலான இடைவெளியைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை. மேலும், இங்கே வெந்நீரும் களிம்பும் குறுக்கே இல்லை. மாறியது தவிட்டின் அளவு மட்டும்.

15 கிராம் தவிடு என்றால் எவ்வளவு நார்? கோதுமைத் தவிட்டில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு நார். ஆகவே 15 கிராம் தவிட்டில் ஆறு கிராம். வழக்கமாக உண்பதற்கு மேல் நாள்தோறும் ஆறு கிராம், ஓராண்டுக்கு. "நிறைய" என்ற சொல்லுக்கு எனக்குக் கிடைத்த மிக நேர்மையான மொழிபெயர்ப்பு இதுதான்.

இதை நம் தட்டில் வைத்துப் பார்க்க, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணை உதவுகிறது. நூறு கிராமுக்கு, சமைக்காத எடையில், தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 3 கிராம் நார், புழுங்கலில் சற்றுக் கூட. உளுத்தம்பருப்பில் 12, துவரம்பருப்பில் 9. காலையில் நான்கு இட்லி, மதியம் சாம்பாரும் ரசமுமாக ஒரு சாப்பாடு, இரவு மூன்று தோசை என்று ஒரு சராசரி நாளை வைத்துக்கொண்டால் மொத்த அரிசி 300 கிராம் வரும், உளுந்து 40, துவரை 25. அரிசியில் பத்துக்குக் கொஞ்சம் குறைய, உளுந்தில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைய, துவரையில் இரண்டு. நூறு கிராம் பொரியலில் மூன்றோ நான்கோ. கூட்டினால் 19, 20 கிராம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் குறைந்தபட்சம் என்று 2023இல் சொன்னது 25. குறைவது ஐந்தாறு கிராம்.

என்னை வியக்க வைத்தது இட்லியின் நிலை. "வெறும் மாவுச்சத்து" என்று பழிக்கப்படும் இட்லியும் தோசையும் உளுந்தின் தயவால் அவ்வளவு மோசமில்லை. ஓட்டை விழுவது வேறு இடங்களில். அலுவலக டப்பாவில் பொரியலுக்குப் பதில் அப்பளம் போவது ஒன்று. இரவுத் தோசையின் இடத்தில் பரோட்டா வருவது இன்னொன்று; மைதாவில் நார் அரிசி அளவுதான், ஆனால் அங்கே உளுந்து இல்லை, சால்னாவில் காயும் இல்லை. இந்த இரண்டும் நடக்கும் நாளில் கணக்கு 14க்கு இறங்கிவிடும்.

விட்டுப்போன ஆறு கிராமை ஈடுசெய்ய ஒரே ஒரு மாற்றம் போதும். முழுப் பாசிப்பயறில் நூற்றுக்கு 17. ஐம்பது கிராம் பயற்றை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் எட்டு கிராமுக்கு மேல். நூறு கிராம் எடையுள்ள ஒரு கொய்யாவில் எட்டு. கேழ்வரகில் 11, ஒருவேளை அரிசிக்குப் பதில் 80 கிராம் கேழ்வரகு மாவில் களியோ அடையோ செய்தால் கூடுதலாக ஆறு. முருங்கைக்கீரையும் கைகொடுக்கும். நான் வாங்கிய வாழைப்பழச் சீப்போ? பழம் ஒன்றில் இரண்டு கிராம் இருந்தால் பெரிது. இரவில் ஒரு பழம் என்ற நம் வீட்டு வைத்தியம் ஜென்சனின் பாதி அளவுப் பிரிவுக்குக்கூடச் சேராது.

எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. நார்ச்சத்தை நிறுத்தினால் மலச்சிக்கல் தீர்கிறது என்பதே அதன் முடிவு. நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 63 பேரை இரண்டு வாரம் நாரே இல்லாமல் உண்ணச் சொல்லி, பிறகு முடிந்தவரை குறைவாகவே தொடரச் சொன்னார்கள். முழுக்க நிறுத்திய 41 பேரும், 3.75 நாளுக்கு ஒருமுறை வெளிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், தினமும் போகத் தொடங்கினார்கள். குறைத்துக்கொண்ட 16 பேருக்கும் முன்னேற்றம். நாரைக் கைவிடாத 6 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. இது வெளிவந்தது முதல், நார்ச்சத்தே ஒரு மோசடி என்று பேசுபவர்கள் கையில் இந்த ஒரு தாள் எப்போதும் இருக்கிறது. வயிறு உப்பி அவதிப்படும் நோயாளிக்கு அது இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் இதைத் தட்டிப் பார்த்தால் ஓசை வேறு. யார் எந்தப் பிரிவு என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை, அவரவர் தேர்ந்துகொண்டார்கள். நாரை விடாத ஆறு பேரும் சைவ உணவு, சமயம், சொந்த விருப்பம் போன்ற காரணங்களால் விடாதவர்கள். முக்கியமாக, அந்த ஆறு பேர் தொடக்கத்திலேயே 6.83 நாளுக்கு ஒருமுறை போனவர்கள். மற்றவர்களைவிட மிகக் கடுமையான சிக்கல் உள்ளவர்களைத் தனியே நிறுத்தி, அவர்களுக்கு மாறவில்லை என்று சொல்வது சரியான ஒப்பீடு ஆகாது. அதோடு இது மலச்சிக்கல் பற்றிய ஆய்வு. வெடிப்பு ஆறியதா, மீண்டதா என்ற கேள்வி இதன் மையம் அல்ல. தினமும் போவதும் மெத்தென்று போவதும் ஒன்றல்ல. வெடிப்புக்காரருக்கு இரண்டாவதுதான் உயிர்.

அப்படியென்றால் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஜெர்மனியில் செய்யப்பட்டு 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சரியான இடத்தில் வைத்துப் பார்க்க உதவுகிறது. நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 149 பேருக்கு இசப்கோல் கொடுத்துப் பார்த்தார்கள். உறுப்புக் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படாதவர்களில் 85 விழுக்காட்டினர் தேறினார்கள். குடலே மெதுவாக நகரும் கோளாறு உள்ளவர்களில் 80 விழுக்காட்டினருக்குப் பலன் இல்லை. முக்கும்போது திறக்க வேண்டிய தசை திறக்காத கோளாறு உள்ளவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் அப்படியே. கதவு திறக்காத அறையில் இன்னும் நாலு பேரை ஏற்றுவது போன்றது அது. ஆகவே நாள்தோறும் ஆறு கிராம் கூட்டி, மூன்று நான்கு வாரம் பொறுத்தும் வயிறு உப்புவதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்றால், இன்னும் கூட்டுவது மடமை. அங்கே கோளாறு உணவில் இல்லை.

இனி, எந்த நார்? இதில்தான் மருத்துவமனை அறிவுரை மிகவும் கஞ்சத்தனம் காட்டுகிறது. நார் எல்லாம் ஒன்றல்ல. கோதுமைத் தவிடு கரையாதது. அதன் சொரசொரப்பான துகள்கள் குடற்சுவரை உரசி நீரையும் சளியையும் சுரக்கச் செய்வதால் வேலை நடக்கிறது. அதே தவிட்டை நைசாக அரைத்தால் உரசல் போய்விடும். மலம் இறுகவும் கூடும். இசப்கோல் வேறு வழி. அதன் உமி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூழாகிறது, குடல் எவ்வளவு உறிஞ்சினாலும் அதை விடுவதில்லை. இறுகிய மலத்தை இளக்கும், தண்ணீராய்ப் போவதைக் கெட்டியாக்கும். வெடிப்புக்கு இது முக்கியம். வெடிப்பு கல்போன்ற மலத்தால் மட்டும் வருவதில்லை. நாலைந்து நாள் வயிற்றுப்போக்கிலும் கிழியும். சத்துமாவுகளிலும் பானங்களிலும் சேர்க்கப்படும் இனுலின், கோதுமை டெக்ஸ்ட்ரின் போன்றவை குடலில் நொதித்துக் காற்றாகிவிடுபவை. மலத்தை இளக்குவதில் அவற்றை நம்ப முடியாது. "நார்ச்சத்து நிறைந்தது" என்று முன்பக்கம் அச்சிட்ட பிஸ்கட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, நான்கு பிஸ்கட்டின் எடைக்கு நார் எவ்வளவு என்று ஒருமுறை பெருக்கிப் பார்த்தால் போதும், பொட்டலம் கடைக்கே திரும்பிவிடும்.

இசப்கோல் நம் நாட்டுப் பயிர். குஜராத்தின் ஊஞ்சா அதன் பெருஞ்சந்தை. பெயர் பாரசீகம்: குதிரைக் காது என்று பொருள், விதையின் வடிவத்துக்காக வந்தது. ஏழு கிராம் உமியில் ஏறத்தாழ ஆறு கிராம் நார் கிடைத்துவிடும். ஒரு கரண்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். உமி பஞ்சுபோல் லேசானது. கரண்டிக்குக் கரண்டி எடை மாறும். ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டு அந்தக் கரண்டியை டப்பாவுக்குள்ளேயே போட்டுவைப்பது நல்லது. ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலக்கி, கூழாகும் முன் குடித்துவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் விழுங்குவது தொண்டையில் அடைக்கும் ஆபத்து. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் இதன் பக்கத்திலேயே இருப்பது நிலாவாரைப் பொடி. மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பெயரோடு உலகம் சுற்றிய இலை. அதன்மேல் எனக்கு ஊர்ப்பாசம் உண்டு, ஆனாலும் இந்த இடத்தில் பரிந்துரைக்க மாட்டேன். அது இசப்கோல்போல் மலத்தை மெத்தென்று ஆக்குவதில்லை. குடலைச் சாட்டையால் அடித்துத் தள்ளுகிறது. புண்ணின் மேல் நீர்த்த மலம் நாலு முறை போவதும் ஒரு சித்திரவதைதான்.

தண்ணீரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1998இல் இத்தாலியில் 117 பேருக்கு நாளுக்கு 25 கிராம் நார் கொடுத்து, ஒரு பிரிவை இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். அந்தப் பிரிவுக்கே பலன் கூடுதல். மற்றப் பிரிவு குடித்தது சராசரியாக ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். நாரோடு சேர்ந்தால் தண்ணீருக்கு மதிப்பு உண்டு. ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் நாலு லிட்டர் குடித்தால் சிறுநீர்தான் கூடும்.

காரத்தில் நான் வேறு முடிவை எதிர்பார்த்தேன். மிளகாயின்மேல் சுமத்தப்படும் பழிகளில் பாதி அபாண்டம் என்பது என் நெடுநாள் எண்ணம். 2006இல் இத்தாலியர்கள் மூல நோயாளிகள் ஐம்பது பேருக்கு மிளகாய்த்தூள் அடைத்த கூடு ஒன்றும் வெறுங்கூடு ஒன்றும் மாற்றிக் கொடுத்து, வித்தியாசமே இல்லை என்று அறிவித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் அது ஒரே ஒரு கூடு, அதுவும் மூலத்துக்கு. 2008இல் நாக்பூரைச் சேர்ந்த மருத்துவர் பி.ஜே. குப்தா வெடிப்பு நோயாளிகளிடம் இதே சோதனையை ஒரு வாரம் மிளகாய், ஒரு வாரம் வெறுங்கூடு என்று மாற்றி மாற்றிச் செய்தார். யாருக்கும் எது எப்போது என்று தெரியாது. வலி நிவாரணியும் நாரும் எல்லோருக்கும் உண்டு. மிளகாய் வாரத்தில் எரிச்சலும் வலியும் கூடின. ஐந்தில் நால்வர் வெறுங்கூட்டு வாரத்தையே விரும்பினார்கள். காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமில்லை. மிளகாயின் காரப்பொருள் முழுவதும் வயிற்றில் உறிஞ்சப்படுவதில்லை, நாக்கில் எரிவதை உணரும் அதே வகை நரம்பு முனைகள் அந்த வாசலிலும் இருக்கின்றன, அங்கே இப்போது தோலும் கிழிந்திருக்கிறது. எனவே புண் ஆறும்வரை ஊறுகாயும் காரக்குழம்பும் வேண்டாம் என்பது சரியே. ஆனால் அந்தச் சோதனை அளந்தது துன்பத்தை. மிளகாயால் வெடிப்பு உண்டாகிறது என்று அது காட்டவில்லை. ஆறிய பின்னும் ஆயுள் முழுக்கப் பத்தியம் இருப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

"சூடு" என்ற பட்டியலும் இதேபோல் சலித்தெடுக்க வேண்டியது. கோழி சூடு, காபி சூடு, மாம்பழம் சூடு. ஜென்சன் 1988இல் 174 வெடிப்பு நோயாளிகளின் உணவை மற்றவர்களின் உணவோடு ஒப்பிட்டார். பச்சைக் காய்கறி, பழம், முழுக்கோதுமை ரொட்டி அடிக்கடி உண்பவர்களுக்கு வெடிப்பு குறைவு. வெள்ளை ரொட்டியும், மாவும் கொழுப்பும் சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்புகளும், பன்றி இறைச்சிப் பண்டங்களும் மிகுதியாக உண்பவர்களுக்கு அதிகம். காபிக்கும் தேநீருக்கும் மதுவுக்கும் தொடர்பே தெரியவில்லை. நோயாளி தன் நினைவிலிருந்து சொல்வதை வைத்துச் செய்யப்படும் இவ்வகை ஆய்வுகளை நான் அரை மனதோடுதான் நம்புவேன். ஆனாலும் கோழியைப் பற்றிய நம் பாட்டிமாரின் புகாருக்கு இது ஒரு விளக்கம் தருகிறது: கோழியில் சூடு இருக்கிறதோ இல்லையோ, நார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இலையில் கோழிக்கறி வரும்போது பொரியலும் கூட்டும் விடுப்பு எடுத்துக்கொள்கின்றன. காலைக் காபியைப் பறிப்பதற்கோ ஒரு காரணமும் இல்லை. பலருக்கு அந்தச் சூடான காபிதான் வெளிக்குப் போகவே தூண்டுகிறது.

காலக் கேள்வி மிஞ்சுகிறது. கிழிந்த முதல் வாரத்தில் பயத்தில் ஒரேயடியாகத் தவிடு, கீரை, சுண்டல் எல்லாவற்றையும் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். குடல் பழகாத நாருக்குப் பரிசாக உப்பிசமும் காற்றும் தரும். பெரிதாகப் பருத்த மலம், ரணமான வாசல் வழியே போக வேண்டியிருக்கும். அந்த வாரங்களுக்கு என் தேர்வு இசப்கோல்தான். பாதி அளவில் தொடங்கி நாலைந்து நாளில் முழு அளவுக்குப் போகலாம். கூடவே வேகவைத்த காய், நன்றாகக் குழைந்த பருப்பு. கொய்யாவும் சுண்டலும் கேழ்வரகும் புண் மூடிய பிறகு மெல்ல உள்ளே வந்து இசப்கோலின் இடத்தைப் பிடிக்கட்டும். தவிடு வென்றது 1987இல், வலி போனவர்களிடம், ஓராண்டு விடாமல் தின்றவர்களிடம். வலி இருக்கும்போது வீரமும், வலி போன மறுநாள் மறதியும் என்று நாம் நேர்மாறாகச் செய்கிறோம்.

அந்த ஆறு கிராமால் முடியாததும் இருக்கிறது. ஆறு எட்டு வாரம் தாண்டியும் ஆறாத வெடிப்பின் விளிம்பு தடித்துவிடும், வெளிப்புறத்தில் காவல்காரன்போல் ஒரு தோல்மடிப்பு வளரும், அடியில் தசைநார்கள் தெரியும். அங்கே மலத்தின் பதம் துணைப் பாத்திரம்தான். பிரச்சினை தசையின் இறுக்கம். நைட்ரோகிளிசரின் களிம்பால் 48.9 விழுக்காட்டினருக்கு ஆறுகிறது, வெற்றுக் களிம்பில் 35.5 என்று 2012இல் காக்ரேன் தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஆறியவர்களிலும் பாதிப் பேருக்குத் திரும்புகிறது. டில்டியசெம் களிம்பு தலைவலி குறைவாகத் தருவது. சுருக்குத்தசையின் ஓரத்தைச் சிறிது வெட்டிவிடும் அறுவை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாக்குகிறது. சிலருக்குக் காற்றையோ மலத்தையோ அடக்குவதில் தளர்ச்சி வரும் என்பது அதன் விலை. இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டவரிடம் "இன்னும் கொஞ்சம் கீரை சாப்பிடுங்க" என்று சொல்லி மாதங்களைக் கடத்துவதை அக்கறை என்று நான் கொள்ள மாட்டேன். வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, எடை குறைந்தாலோ, ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ அது உணவுக் கட்டுரைகளின் எல்லைக்கு வெளியே. குடல் அழற்சி, காசநோய், புற்றுநோய் ஆகியவற்றை விலக்கிவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

என் அலமாரியில் இசப்கோல் டப்பா இப்போது உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மருந்துப் பெட்டியில் இருந்தவரை, வலி நின்ற வாரத்தில் அதை மறந்துவிடுவேன். இரண்டு முறை அப்படி மறந்து, இரண்டு முறையும் புண்ணோடு திரும்பி வந்தேன்.